"எடை குறைஞ்சா வேகம் கூடும்" என்று சொல்பவர்களுக்கு ஒரு இழை

கொஞ்சம் நீளமான இழை. விளையாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், பி.டி. சார்கள், கோச்சுகள், கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர்கள் கடைசி வரைக்கும் படிங்க. பையனைப் பெத்தவங்க "இது பொண்ணுங்க சமாச்சாரம்"னு நடுவுல எழுந்து போயிடாதீங்க. உங்களுக்கும் இதில் பங்கு இருக்கு.

நேராகவே சொல்லிவிடுகிறேன். தினமும் பயிற்சி செய்யும் ஒரு பெண்ணுக்கு மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை என்றால் அது ஃபிட்னஸின் அடையாளம் கிடையாது. உடம்பு கெட்டுப்போவதன் அடையாளம். "ரேஸ் டைம்ல தொல்லை இல்லாம போச்சு, நல்லதுதானே" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் கோச்சிடம் உங்கள் பிள்ளை பயிற்சி எடுத்தால், அந்தக் கோச்சை மாற்றுங்கள். அவர் எத்தனை மெடல் வாங்கிக் கொடுத்திருந்தாலும் சரி.

கோபமா எழுதுறேன்னு தோணுதா? கோபம்தான். ஒரே கதையை வேறு வேறு பிள்ளைகளின் வாயிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டு வந்த கோபம்.

அதில் ஒரு பெண்ணின் ஒரு சீசனை மட்டும் சொல்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டு, "எழுதுங்க டாக்டர்" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. ஹாஸ்டல். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவள், ஃபீஸில் பெரிய சலுகை. விளையாட்டு, டிரையத்லான்.

தெரியாதவர்களுக்கு: முதலில் நீச்சல், கரையேறி ஓடிவந்து சைக்கிள், சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு ஓட்டம். நடுவில் ஓய்வு கிடையாது. ஷூ மாட்டும் நேரம்கூடக் கணக்கில் சேரும். ஸ்பிரிண்ட் என்ற சின்ன தூரமே 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் சரியாக இதற்கு இரண்டு மடங்கு. 2000-ல் சிட்னியிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது.

ஒரு விளையாட்டுக்குப் பயிற்சி எடுத்தாலே பிள்ளைக்குப் பசி தாங்காது. இது மூன்று விளையாட்டு. இதை மனசில் வச்சுக்கோங்க, பின்னாடி கணக்கு போடுவோம்.

ஜனவரியில் முதல் ரேஸ். மூன்றாம் இடம். எடை 56 கிலோ. கோச் சொன்னது: "நீச்சல்ல நீதான் ஃபர்ஸ்ட் வெளிய வர்றே, சைக்கிள்ல கூடவே இருக்கே, ஓட்டத்துலதான் ரெண்டு பேர் தாண்டிட்டாங்க. அவங்களைப் பாரு, நீ எப்படி இருக்கேன்னு பாரு. நாலு கிலோ இறக்கு."

இறக்கினாள். சோற்றைப் பாதியாக்கினாள். இரவுச் சாப்பாட்டைச் சுருக்கினாள். ஹாஸ்டல் மெஸ்ஸில் சாயங்காலம் போடும் பஜ்ஜி, பன் எதையும் தொடுவதில்லை.

மார்ச்சில் 52 கிலோ. முதல் இடம். ஏப்ரலில் அவள் வாழ்க்கையிலேயே வேகமான 5 கிலோமீட்டர். கல்லூரி வாசலில் பேனர். கரஸ்பாண்டன்ட் பொன்னாடை போர்த்தினார். சொந்தக்காரர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தார்கள்.

அதே மார்ச்சில்தான் பீரியட்ஸ் நின்றது.

மே மாதம் ஐந்தாம் இடம். ஜூனில் ஒன்பதாம் இடம். அதற்கு நடுவே இரண்டு முறை காய்ச்சல், போகாத சளி. ஜூலையில் சைக்கிளோடு ரேஸை விட்டு வெளியே வந்துவிட்டாள். ஆகஸ்டில் தொடை இடுக்கில் வலி.

இப்போது அவளைச் சுற்றியிருந்த பெரியவர்கள் சொன்ன காரணங்களைக் கேளுங்கள். கோச்: "தலைக்கனம். பேனர் வச்சதும் பயிற்சியில சீரியஸ்னெஸ் போச்சு." ஹாஸ்டல் வார்டன்: "ராத்திரி பூரா போன்." அப்பா: "யாரையாவது லவ் பண்றியா?" அம்மா உப்பு மிளகாய் சுத்திப் போட்டார். அவ்வளவு பேர் ஸ்டேட்டஸ் வைத்தால் கண்ணு படாதா?

சாப்பாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒருத்தர்கூட.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். எடை குறைந்ததும் வேகம் கூடியது உண்மைதானே டாக்டர்? மார்ச், ஏப்ரல் கணக்கு பொய்யா?

பொய் இல்லை. இந்த வியாபாரத்தின் தந்திரமே அதுதான். சுமந்து ஓட வேண்டிய பாரம் நாலு கிலோ குறைந்தால் ஓட்டம் கொஞ்ச நாள் வேகமாகத்தான் இருக்கும். தசை அப்படியே இருக்கு, பழைய பயிற்சியின் பலம் இருக்கு, கைதட்டல் வேற இருக்கு. கடன் வாங்கி நடத்துற கல்யாணம் மாதிரி. அன்னைக்குப் பந்தல் ஜோராத்தான் இருக்கும். வட்டி மூணு மாசம் கழிச்சுத்தான் வாசல்ல வந்து நிக்கும். வட்டி வரும்போது கடன் வாங்கச் சொன்ன ஆள் "நான் சொன்னப்ப ஜெயிச்சியே, இப்ப நீதான் சரியில்லை" என்பார். ஜெயித்தது அவர் கணக்கில் போகும். தோற்றது பிள்ளை கணக்கில்.

சரி, கணக்கு போடலாம்.

52 கிலோவில் கொழுப்பைக் கழித்தால் அவள் உடம்பில் சுமார் 42 கிலோ இருக்கும். தசை, எலும்பு, மூளை, இதயம், ஈரல் எல்லாம் சேர்த்து. இந்த 42 கிலோவும் ஒழுங்காக வேலை செய்ய, பயிற்சிக்குப் போனது போக, கிலோவுக்கு சுமார் 45 கலோரி ஒரு நாளைக்கு மிச்சம் இருக்க வேண்டும். அதாவது 1,890 கலோரி.

அவள் சாப்பிட்டதை எழுதச் சொன்னேன். காலை 5 மணிக்கு வெறும் கறுப்புக் காபி. நீந்திவிட்டு வந்து 9 மணிக்கு நாலு இட்லி, சாம்பார். மதியம் ஒரு கப் சோறு, சாம்பார், பொரியல், கொஞ்சம் தயிர். சாயங்காலம் ஒரு வாழைப்பழம், இரண்டு முட்டையின் வெள்ளைக் கரு. மஞ்சள் கருவைத் தோழிக்குக் கொடுத்துவிடுவாளாம், "ஃபேட்" என்பதால். ராத்திரி மூன்று சப்பாத்தி, குருமா, ஒரு டம்ளர் பால்.

பார்க்க நல்லா சாப்பிட்ட மாதிரியே இருக்கும். உங்க வீட்டுப் பிள்ளை இவ்வளவு சாப்பிட்டா நீங்களும் சந்தோஷப்படுவீங்க. தாராளமாகவே கூட்டினாலும் 1,700 கலோரி.

காலை நீச்சல், மாலை சைக்கிள் அல்லது ஓட்டம், ஜிம். பயிற்சிக்கு மட்டும் குறைந்தது 900 கலோரி போய்விடும். 1,700-ல் 900 போனால் 800. அதை 42-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 19.

தேவை 45. கையில் 19. கிலோவுக்கு 30-க்குக் கீழே போனாலே பெண்களின் ஹார்மோன் துடிப்பு தடுமாறத் தொடங்குவதை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எத்தனை நாளில் தெரியுமா? ஐந்தே நாளில். இவள் மாதக்கணக்கில் 19-ல் ஓடியிருக்கிறாள், நீந்தியிருக்கிறாள், சைக்கிள் மிதித்திருக்கிறாள். நடுவில் இன்டர்னல்ஸும் எழுதியிருக்கிறாள். தலைக்கனமாம்!

வருமானம் பாதியாகிப் போன வீட்டில் என்ன செய்வோம்? வாடகையையும் அரிசியையும் நிறுத்த மாட்டோம். சினிமா நிற்கும். பேப்பர் நிற்கும். வெள்ளையடிப்பது, ஒழுகும் ஓட்டை மாற்றுவது எல்லாம் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போகும். உடம்பும் அப்படித்தான். மூச்சும் இதயமும் வாடகையும் அரிசியும் மாதிரி, அது நிற்காது. முதலில் நிறுத்துவது பிள்ளை பெறும் ஏற்பாட்டை. "தனக்கே சோறு இல்லை, இதுல இன்னொரு உயிரா"ன்னு மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் உத்தரவு நின்றுவிடும். அதுதான் பீரியட்ஸ் வராமல் போவது. அடுத்து எலும்பு ரிப்பேர் நிற்கும். நோய் எதிர்ப்பு குறையும், சளி போகாது. தைராய்டு ஹார்மோன் இறங்கும், குளிரும், சோர்வாக இருக்கும். சிடுசிடுப்பு வரும். தூக்கம் கெடும். (ராத்திரி பூரா போன் என்று வார்டன் சொன்னாரே, பசியில் தூக்கம் வராமல்தான் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள்.)

இதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கு. ரெட்-எஸ் என்பார்கள். விளையாடுபவர்களுக்கு வரும் ஆற்றல் பற்றாக்குறை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு 2014-லேயே இந்தப் பெயரை வைத்து விரிவாக எழுதிவிட்டது. 2018-லும் 2023-லும் புதுப்பித்தும் விட்டது. அதாவது நான் ஏதோ புதுசா கண்டுபிடிச்சுச் சொல்லலை. இத்தனை வருஷம் ஆச்சு, நம்ம ஊர் கிரவுண்டுக்கு அது இன்னும் வந்து சேரலை. புரோட்டீன் பவுடர் மட்டும் வந்து சேர்ந்துடுச்சு.

எங்க ஆட்களையும் விடப் போவதில்லை.

மே மாதமே அவளை அம்மா ஒரு கிளினிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பீரியட்ஸ் வரலை என்றதும் ஒரு ஸ்கேன். "நீர்க்கட்டி மாதிரி இருக்கு, பி.சி.ஓ.டி" என்று சொல்லி, இன்னும் எடை குறைக்கச் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் இரண்டு வேளை பயிற்சி செய்யும், நாலு கிலோ குறைந்து வந்து நிற்கும் பெண்ணிடம் இன்னும் எடை குறை என்று ஒரு மருத்துவர் சொல்லியிருக்கிறார். "என்னம்மா சாப்பிடுறே, எவ்வளவு நேரம் பயிற்சி" என்ற இரண்டு கேள்வியைக் கேட்கவில்லை.

மாத்திரை போட்டால் ரத்தப்போக்கு வரும். வந்தது. எல்லாரும் நிம்மதியானார்கள். இது பலருக்குத் தெரியாது: ஹார்மோன் மாத்திரையால் வரவழைக்கும் ரத்தப்போக்கு, உடம்பு தானாகத் தேறி வந்த மாதவிடாய் ஆகாது. ஃப்யூஸ் போன வீட்டில் டார்ச் அடிச்சுட்டு கரன்ட் வந்துடுச்சுன்னு சொல்ற மாதிரி. எலும்புக்கு அந்த மாத்திரையால் இழந்தது திரும்பக் கிடைக்காது. பிரச்சினையை மூடி மறைக்க மட்டும் உதவும்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 12.1. பெண்களுக்கு 12-க்கு மேல் இருந்தால் நார்மல் என்று பேப்பரில் போட்டிருக்கும். "ரத்தம் நல்லா இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆகஸ்டில் என்னிடம் வந்தபோது ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னேன். 9. பதினைந்துக்குக் கீழே என்றாலே இரும்புச்சத்து தீர்ந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஹீமோகுளோபின் என்பது பர்ஸில் இருக்கும் பணம், ஃபெரிட்டின் பேங்கில் இருக்கும் சேமிப்பு. பர்ஸைக் காலியாக விடாமல் பேங்கிலிருந்து எடுத்து எடுத்து உடம்பு சமாளித்திருக்கிறது. பர்ஸை மட்டும் பார்த்துவிட்டு "வசதியான குடும்பம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டோம்.

நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. விளையாடாத பிள்ளைகளையும் சேர்த்துத்தான். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணைப் பிடித்து, மூன்று விளையாட்டுக்குப் பயிற்சி கொடுத்து, சோற்றைப் பாதியாக்கி, வெறும் வயிற்றில் கறுப்புக் காபியும் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? சாப்பாட்டோடு குடிக்கும் டீ, காபி இரும்புச்சத்தைச் சரியாகச் சேர விடாது. கடுமையான பயிற்சி முடிந்து சில மணி நேரத்துக்குக் குடலும் இரும்பை உள்ளே விடுவது குறைகிறது.

இப்போது எலும்பு. இந்த இழையில் நான் உண்மையிலேயே பயந்த இடம் இதுதான்.

ஜூலை கடைசியில் ஓடும்போது மட்டும் தொடை இடுக்கில் லேசான வலி. கோச் "தசைப் பிடிப்பு" என்று ஸ்ப்ரே அடித்தார். வலி மாத்திரை கொடுத்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள், நார்மல். மாத்திரை போட்டுக்கொண்டு இன்னும் மூன்று வாரம் ஓடினாள்.

என் அறைக்குள் நுழையும்போதே நொண்டினாள். படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, தொடையை உள்பக்கம் திருப்பியதும் துள்ளினாள். அன்றைக்கே எம்.ஆர்.ஐ. தொடை எலும்பின் கழுத்தில் விரிசல். திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் வரும் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்.

இந்த வகை விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. தயவுசெய்து இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஓடுகிற பிள்ளைக்குத் தொடை இடுக்கு வலி இருந்து, எக்ஸ்ரே நார்மல் என்றால், கதை முடியவில்லை.

தொடை எலும்பின் கழுத்து ஒரு மோசமான இடம். எலும்பின் பந்து போன்ற தலைக்கு ரத்தம் அந்தக் கழுத்து வழியாகத்தான் போகிறது. விரிசல் முழுசாக முறிந்து நகர்ந்துவிட்டால் ரத்தம் அறுந்து அந்தப் பந்தே செத்துப்போகலாம். இருபது வயதில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டி வரும். விரிசல் கழுத்தின் மேல்பக்கம் இருந்தால் பெரும்பாலும் உடனே ஸ்க்ரூ போட வேண்டும். இவளுக்குக் கீழ்ப்பக்கம், அதுவும் பாதிக்கும் குறைவான விரிசல். அதிர்ஷ்டம். ஆறு வாரம் ஊன்றுகோல், காலை ஊன்றக் கூடாது என்பதோடு தப்பித்தாள்.

இன்னும் ஒரு வாரம் ஸ்ப்ரே அடித்து ஓடியிருந்தால்? அந்த வாரக் கடைசியில் ஒரு ரேஸ் இருந்தது. பெயர் கொடுத்தும் இருந்தார்கள்.

வலி மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சிக்கு முன்னால் டைக்ளோஃபினாக் கொடுக்கும் பழக்கம் நம் மைதானங்களில் சுண்டல் கொடுப்பது போல ஆகிவிட்டது. வலி எலும்பின் காலிங் பெல். பெல்லின் ஒயரை அறுத்துவிட்டு வீட்டில் யாரும் வரவில்லை என்கிறோம். அதுவும் வெயிலில் வியர்த்துத் தண்ணீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்கும் ஆபத்து.

"பெரிய பெரிய வீரர்கள் எல்லாம் இப்படிக் கஷ்டப்பட்டுத்தான் சார் வந்தாங்க" என்பார்கள். சரி, பெரிய வீரரையே எடுத்துக்கொள்வோம்.

பிரிட்டனின் அலிஸ்டர் பிரவுன்லீ. கேம்பிரிட்ஜில் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, பயிற்சிக்காக அதை விட்டுவிட்டு லீட்ஸுக்குத் திரும்பி விளையாட்டு அறிவியல் படித்தவர் (எங்களுக்கு ஒரு டாக்டர் நஷ்டம்). 2009-ல் 21 வயதில் உலகத் தொடரில் ஐந்து போட்டியில் இறங்கி ஐந்திலும் ஜெயித்தார். 2010 தொடக்கத்திலேயே தொடை எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். ஜூனில் மாட்ரிட்டில் திரும்பி வந்து ஜெயித்தார். ஜூலையில் லண்டனில் கடைசி சில நூறு மீட்டரில் உடம்பு கைவிட்டுத் தள்ளாடிப் பத்தாவதாக வந்து விழுந்தார். செப்டம்பரில் புடாபெஸ்ட்டில் மறுபடி முதலிடம். 2012 தொடக்கத்தில் குதிகால் நரம்பு கிழிந்தது. ஓட்டத்தை நிறுத்தி, தண்ணீருக்குள் பயிற்சி செய்தார். அந்த ஆகஸ்டில் ஒலிம்பிக் தங்கம்.

அவருக்கு ஏன் எலும்பு விரிந்தது என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. உலகத்திலேயே சிறந்த ஆளுக்கும் சீசன் ஏறி இறங்கித்தான் இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். இறங்கியபோது எலும்பு ஆற நேரம் கொடுத்தார்கள். "தலைக்கனம்" என்று எழுதி மூடவில்லை.

இதற்கு நேர் எதிர் கதை அமெரிக்காவின் மேரி கெய்ன். டிரையத்லான் இல்லை, ஓட்டம். 2013-ல் 17 வயதில் உலக சாம்பியன்ஷிப்பில் 1,500 மீட்டர் இறுதிப் போட்டி வரை போன பள்ளி மாணவி. பெரிய ஷூ கம்பெனியின் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தார். 2019-ல் நியூயார்க் டைம்ஸில் வெளியான வீடியோவில் அவரே சொன்னது: எடையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், மூன்று வருடம் மாதவிடாய் வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன. கோச் குற்றச்சாட்டுகளை மறுத்தார். ஆனால் அந்தப் பெண்ணின் ஓட்டம் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. பணம், விஞ்ஞானம், லேப் எல்லாம் இருந்த இடத்திலேயே இந்தக் கதி.

"ஜெயிக்கிறவங்க எல்லாரும் ஒல்லியாத்தானே இருக்காங்க?" என்று ஒருத்தர் கேட்டார். மேடையில் நிற்பவர்களைப் பார்த்துக் கேட்கிறீர்கள். அதே முறையில் எலும்பு உடைந்து, படிப்பு கெட்டு, வீட்டுக்குப் போன பிள்ளைகள் மேடையில் நிற்க மாட்டார்கள். அவர்கள் எங்கள் ஓ.பி.யில் நிற்கிறார்கள்.

இன்னொரு வாதம், "நாங்க எல்லாம் பழைய சோறு சாப்பிட்டே ஓடினோம்." ஐயா, நீங்க சாப்பிட்ட பழைய சோறு எவ்வளவுன்னு ஞாபகம் இருக்கா? ஒரு குண்டான் சோறு, தயிர், வெங்காயம், முந்தின நாள் மீன் குழம்பு. யாரும் கப்பில் அளந்து கொடுக்கவில்லை. அந்தச் சோறு இந்தப் பிள்ளைக்குக் கிடைச்சிருந்தா எலும்பு விரிஞ்சிருக்காது.

பையன்கள் பக்கம் வருகிறேன். பையனுக்குப் பீரியட்ஸ் என்ற எச்சரிக்கை விளக்கு கிடையாது என்பதால் கண்டுபிடிப்பது இன்னும் தாமதம். சாப்பாடு பற்றாமல் பயிற்சி செய்தால் டெஸ்டோஸ்டிரோன் இறங்கும். காலை எழுச்சி குறையும் (வெட்கப்படாமல் கேளுங்க, பதில் சொல்வாங்க). எரிச்சல், அடிக்கடி சளி, தாடை எலும்பு துருத்தல், ஓடினால் கெண்டைக்கால் எலும்பில் ஒரே இடத்தில் வலி. "சிக்ஸ் பேக் வந்துடுச்சு" என்று நீங்கள் போட்டோ எடுக்கும் அதே மாதத்தில் இது நடந்துகொண்டிருக்கலாம்.

தூக்கம் பற்றிச் சுருக்கமாக: எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும் பள்ளி வயது விளையாட்டுப் பிள்ளைகளுக்குக் காயம் 1.7 மடங்கு அதிகம் என்று 2014-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. காலை நாலரைக்கு எழுப்புகிற ஹாஸ்டலில் ராத்திரி பத்தரை வரை ஸ்டடி ஹவர் வைத்தால் ஆறு மணி நேரம்கூட மிஞ்சாது. ஓ.டி. கொடுத்து அட்டென்டன்ஸைச் சரிசெய்யலாம். தூக்கத்துக்கு ஓ.டி. கிடையாது.

இப்போது அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்பீர்கள்.

முதல் மாதம் ரொம்பக் கஷ்டம். எலும்பைவிட மனசு. "சாப்பிட்டா குண்டாயிடுவேன் டாக்டர்" என்று அழுதாள். ஒரு உளவியல் நிபுணரையும் பார்க்க வைத்தோம். ஹார்மோன் மாத்திரையை நிறுத்தினோம். இரும்பு மாத்திரை, வைட்டமின் டி, கால்சியம். மற்றபடி மருந்து சோறுதான். ஒரு கப் சோறு இரண்டு கப் ஆனது. மஞ்சள் கரு தோழியிடமிருந்து திரும்பி வந்தது. சாயங்கால பன்னும் திரும்பி வந்தது.

அம்மாதான் இதில் பெரிய ஆள். ஒவ்வொரு ஞாயிறும் பஸ் பிடித்து ஹாஸ்டலுக்கு எள்ளுருண்டையும் சத்துமாவும் கொண்டுபோய்க் கொடுத்தார். "சுத்திப் போட்டதுக்குப் பதிலா இதைச் செஞ்சிருக்கலாம்"னு அவரே சொன்னார். நான் சொல்லலை.

ஐந்தாவது மாதம் பீரியட்ஸ் தானாக வந்தது. எடை 56. மறுபடி ஜனவரி எடை. நீந்துகிறாள், சைக்கிள் ஓட்டுகிறாள். ஓட்டம், ஒரு நிமிஷம் ஓடி ஒரு நிமிஷம் நடக்கும் அளவில் தொடங்கியிருக்கிறது. போன எலும்புச் சேமிப்பு முழுவதும் திரும்புமா என்பதைக் காலம்தான் சொல்ல வேண்டும். எலும்புக்கான சேமிப்பில் பெரும்பகுதி இருபது வயதை ஒட்டி முடிந்துவிடும். அந்தக் கடைசி நேரத்தில்தான் நாம் இவளைப் பட்டினி போட்டோம்.

ஆனால் கதை இன்னும் முடியலை.

கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கு. "இரண்டாம் பருவத்தில் போட்டிகளில் பங்கேற்காததால் விளையாட்டுச் சலுகை மறுபரிசீலனை செய்யப்படும். மருத்துவத் தகுதிச் சான்றிதழ் சமர்ப்பிக்கவும்." பொன்னாடை போர்த்திய அதே அலுவலகம். சலுகை போனால் அந்தக் குடும்பத்தால் மூன்றாம் ஆண்டு ஃபீஸ் கட்ட முடியாது. அப்பா என்னிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஃபிட்டுன்னு ஒரு சர்டிபிகேட் கொடுத்துடுங்க டாக்டர். ஒரே ஒரு ரேஸ். பேருக்கு ஓடிட்டு வந்துடட்டும்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எலும்பா படிப்பா என்று ஒரு தகப்பனைத் தேர்ந்தெடுக்க வைக்கும் ஏற்பாட்டின் மேல் வந்தது. நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: "பயிற்சியின்போது ஏற்பட்ட எலும்பு முறிவு. சிகிச்சையில் இருக்கிறார். நீச்சல், சைக்கிள் அனுமதி. போட்டிக்கு இன்னும் நாலு மாதம் தகுதியில்லை. இது விளையாட்டினால் ஏற்பட்ட காயம் என்பதால் சலுகையைத் தொடருமாறு மருத்துவ அடிப்படையில் பரிந்துரைக்கிறேன்." கூடவே எம்.ஆர்.ஐ. நகல். பதில் இன்னும் வரவில்லை.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பிள்ளைகளைச் சேர்க்கும் கல்லூரிகள் எல்லாருக்கும் கேட்கிறேன். மெடலுக்குச் சலுகை கொடுக்கிறீர்கள். காயத்துக்கு என்ன விதி வைத்திருக்கிறீர்கள்? காலை ஐந்து மணிக்குப் பயிற்சிக்கு வரச் சொல்கிறீர்கள். அந்த நேரத்துக்கு மெஸ் திறந்திருக்கிறதா? ஏழரைக்குத்தான் டிபன் என்றால் அந்தப் பிள்ளை எதைத் தின்றுவிட்டு நீந்தும்?

கோச்சுகளுக்கு: எடை மெஷினைக் கிரவுண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். எல்லார் முன்னாலும் எடை பார்த்து நம்பரைச் சத்தமாகச் சொல்வதை நிறுத்துங்கள். பீரியட்ஸ் பற்றிக் கேட்க உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், கேட்கக்கூடிய ஒரு பெண் ஊழியரை ஏற்பாடு செய்யுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை என்றாலோ, 15 வயது முடிந்தும் பூப்படையவில்லை என்றாலோ, மருத்துவரிடம் அனுப்புங்கள். "தானா சரியாயிடும்" வேண்டாம்.

அம்மாக்களுக்கு: விடிகாலைப் பயிற்சிக்குக் கிளம்பும்போது வெறும் காபியோடு அனுப்பாதீங்க. இரண்டு வாழைப்பழம், நாலு பேரீச்சை, இல்ல ஜாம் தடவின ரெண்டு பிரெட் போதும். பயிற்சி முடிஞ்ச அரை மணிக்குள்ள பாலோ மோரோ, முட்டையோ சுண்டலோ, கூடவே கடலை மிட்டாய். காபி, டீ சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி. மதியம் சோறு வயிறு நிறைய. ஹாஸ்டலில் இருந்தா பெட்டியில வேர்க்கடலையும் வெல்லமும் எப்பவும் இருக்கட்டும். ரத்தப் பரிசோதனைக்குப் போனா ஹீமோகுளோபினோட ஃபெரிட்டினும் பாருங்கன்னு நீங்களே வாய் திறந்து கேளுங்க.

கமென்ட்டில் பலர் பிள்ளையின் எடை, பீரியட்ஸ் விவரம் எல்லாம் எழுதுவீர்கள் என்று தெரியும். பொதுவெளியில் எழுதாதீங்க, அது உங்க பிள்ளையின் அந்தரங்கம். பக்கத்தில் இருக்கும் மருத்துவரிடம் போங்க. போகும்போது முந்தின மூணு நாள் என்ன சாப்பிட்டா, எவ்வளவு நேரம் பயிற்சி செஞ்சான்னு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. அவர் கேட்கலைன்னாலும் மேஜை மேல வைங்க.